மோட்லராய்ட்: ஓடை, கோடு, சுவர்

ஜெர்மன் நிர்வாக மொழியில் 'ஓர்ட்ஸ்டைல்' என்று ஒரு சொல் உண்டு. ஊரின் பகுதி என்று பொருள். தனக்கென்று மேயரோ மன்றமோ இல்லாமல், பக்கத்துப் பெரிய ஊரின் கணக்கில் எழுதப்பட்டுவிட்ட சில வீடுகளும் வயல்களும் சேர்ந்த இடம் அது. ஜெர்மனி முழுதும் இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் இருக்கின்றன. நிர்வாகத்தின் பார்வையில் இவை முழுமையானவை அல்ல. வேறொன்றின் துண்டுகள். மோட்லராய்ட் என்ற இடத்தின் விசேஷம், அது ஒன்றின் துண்டு அல்ல, இரண்டின் துண்டு. பாதி, பவேரியா மாநிலத்தில் ஹோஃப் நகரத்துக்கு அருகிலுள்ள டோப்பன் என்ற ஊரைச் சேர்ந்தது. மறுபாதி, துரிங்கியா மாநிலத்தின் கெஃபெல் என்ற சிற்றூரைச் சேர்ந்தது. நடுவே டான்பாக் என்ற ஓடை. ஆறு என்று சொல்லத் தகாத அளவுக்குச் சிறியது. இரண்டு பாதிகளையும் சேர்த்தால் ஜனத்தொகை ஐம்பதைச் சுற்றி இருக்கும். ஆக, ஊர் என்று ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. முழு ஊருக்குப் பொதுவான நிர்வாகம் மட்டும் எங்கும் இல்லை.

அந்த ஊருக்கு நான் போனதில்லை. வரைபடங்கள், புகைப்படங்கள், படித்தவை இவற்றின் மூலம் ஏற்பட்ட பரிச்சயம்தான். இதைக் கொண்டு அந்த ஊர்க்காரர்களின் மனத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லத் துணியப் போவதில்லை. எனக்குள்ள வழக்கு அதன் பட்டப்பெயரோடு. பனிப்போர்க் காலத்தில் அந்தப் பக்கம் ரோந்து வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அதற்கு 'குட்டி பெர்லின்' என்று பெயர் வைத்தார்கள். இன்றுவரை பிரயாண நூல்களும் பத்திரிகைகளும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதை அறிமுகம் செய்கின்றன. நம் விமர்சகர்கள் ஒரு கதைக்காரனைப் பாராட்ட நினைத்தால் 'நம்மூர் செகாவ்' என்பார்கள். அந்தக் கணத்திலேயே பாராட்டப்பட்டவன் காணாமல் போய்விடுகிறான். எஞ்சுவது ஒரு நகல். மோட்லராய்டுக்கும் அதுதான் நடந்தது என்பது என் கட்சி. பெர்லினின் சிறிய பிரதி என்று பார்க்கும்போது, அந்த ஊரில் உண்மையாகவே என்ன நடந்தது என்பது பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'ராய்ட்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அந்தப் பிரதேசத்தில் நிறைய. காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்பது அந்த விகுதியின் பொருள். வாக்னரின் இசை விழாவால் புகழ்பெற்ற பைராய்டும் இதே விகுதியைத் தாங்கியதுதான். வனத்துக்குள் சிலர் வந்து, ஓடைக்கு இரு கரையிலும் மரம் வெட்டி, வீடு கட்டி, உழுதார்கள். குடியேறுகிறவனுக்கு ஓடை வாழ்க்கையின் மையம். ஆள்கிறவனுக்கோ அது கையோடு கிடைத்த எல்லை. வரைபடத்தில் கோடு போடுகிறவன் தேடுவது, தான் போடாமலே ஏற்கெனவே போடப்பட்டிருக்கும் ஒரு கோட்டைத்தான். 16-ஆம் நூற்றாண்டிலேயே டான்பாக், பைராய்ட் பிரபுக்களின் நிலத்துக்கும் ராய்ஸ் வம்சத்தாரின் நிலத்துக்கும் எல்லையாகிவிட்டது.

ராய்ஸ் வம்சம் ஒரு வேடிக்கையான வம்சம். அதில் பிறந்த ஆண்கள் அனைவருக்கும் ஹைன்ரிக் என்று ஒரே பெயர். எண்ணைக் கொண்டுதான் ஆளை அடையாளம் காண வேண்டும். மூத்த கிளையில் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். இளைய கிளையில் நூற்றாண்டு மாறினால் எண்ணும் புதிதாகத் தொடங்கும். அந்தப் பக்கம் இப்படி ஹைன்ரிக்குகள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பைராய்ட் 1792-இல் பிரஷ்யாவிடம் போயிற்று. 1806-இல் நெப்போலியன் கைக்கு வந்தது. 1810-இல் பவேரிய அரசு அதைப் பிரான்ஸிடமிருந்து விலை கொடுத்து வாங்கியது. அந்த வருஷம் ஓடையோரமாகப் புது எல்லைக்கற்கள் நடப்பட்டன. கல்லின் ஒரு முகத்தில் பவேரிய ராஜ்யத்தின் முதலெழுத்துக்கள், மறுமுகத்தில் ராய்ஸ் சமஸ்தானத்தின் முதலெழுத்துக்கள். அவற்றில் சில இன்றும் அங்கே நிற்கின்றன.

இந்தக் கற்கள் நட்ட பிறகு ஊர் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒன்றும் ஆகாததைத்தான் நான் ஒரு சரித்திர நிகழ்ச்சியாகக் கருதுகிறேன். ராஜ்யம் இரண்டு, வரி இரண்டு, சட்டம் இரண்டு. ஆனால் பள்ளிக்கூடம் துரிங்கியக் கரையில் ஒன்றுதான். பீர் குடித்துப் பேசும் விடுதியும் அந்தக் கரையில்தான். கோவிலோ பவேரியப் பக்கத்து டோப்பனில். இரு கரையாரும் லூதரின் சபையைச் சேர்ந்தவர்கள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே பாதையில் நடந்தார்கள். பவேரியப் பையன் வேறு ராஜ்யத்தில் எழுத்துப் படித்தான். ராய்ஸ் குடிமகன் வேறு ராஜ்யத்தில் கடவுளை வணங்கினான். சொல்லப்போனால், ஒரு கரை மறு கரை இல்லாமல் ஒரு வாரத்தைக்கூட முழுசாக வாழ முடியாது. சமூக வாழ்க்கை என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது ஐம்பது பேர் உள்ள ஓர் இடத்தில் இவ்வளவுதான்: பள்ளி, விடுதி, கோவில், இவற்றுக்கிடையே போய்வரும் கால்தடம். அந்தக் கால்தடம் ஒவ்வொரு நாளும் எல்லையைத் தாண்டியது. எல்லையை எதிர்த்து அல்ல, அதைப் பொருட்படுத்தாமல். கோட்டை மீறுவதற்குக் கோட்டின் மேல் ஒரு மரியாதை வேண்டும். இவர்களுக்கு அதுகூட இல்லை.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. கிராமத்தை நினைத்தவுடன் கண்ணில் நீர் துளிர்க்கும் வியாதி நம் இலக்கியத்தில் போதுமான அளவு இருக்கிறது. கோடு அழிந்தால் மனிதன் சுதந்திரமாவான் என்ற எளிய முடிவுக்கும் இந்த ஊரின் சரித்திரம் இடம் தரவில்லை. 1918-இல் மன்னர்கள் போனார்கள். 1920-இல் ராய்ஸ் நிலம் புதிதாக அமைந்த துரிங்கியா மாநிலத்தில் கரைந்தது. 1934 ஜனவரியில் ஹிட்லரின் அரசு ஒரு சட்டத்தின் மூலம் மாநிலங்களின் அதிகாரம் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டது. மோட்லராய்டின் ஓடை தன் சரித்திரத்திலேயே மிகக் குறைவான அர்த்தம் கொண்ட எல்லையாக இருந்தது, எல்லாவற்றையும் ஒன்றாக்கிய அந்தச் சர்வாதிகாரத்தின் பன்னிரண்டு வருஷங்களில்தான். ஆகவே பிரச்னை கோடு இருப்பதா இல்லாததா என்பதில் இல்லை. அந்தக் கோட்டை வைத்து அதிகாரம் என்ன செய்ய நினைக்கிறது என்பதில் இருக்கிறது.

1944 செப்டம்பரில், யுத்தம் முடிவதற்கு முன்பே, லண்டனில் நேச நாடுகளின் பிரதிநிதிகள் கூடித் தோல்வியுறப் போகும் ஜெர்மனியை எப்படிப் பங்கிடுவது என்று தீர்மானித்தார்கள். மண்டல எல்லை வேண்டும். புதிதாகக் கோடு போடுவது சிரமம். எனவே மாநிலங்களின் பழைய நிர்வாக எல்லைகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். துரிங்கியா ரஷ்யர்களுக்கு, பவேரியா அமெரிக்கர்களுக்கு. அந்த மேஜையில் இருந்த எவருக்கும் டான்பாக் என்று ஓர் ஓடை இருப்பது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. யாரும் பொருட்படுத்தாமல் கிடந்த 1810-ஆம் வருஷத்துக் கோடு, 134 வருஷங்களுக்குப் பிறகு, ஐரோப்பாவை இரண்டாகப் பிளக்கப் போகும் கோட்டின் ஓர் இழையாகிவிட்டது.

இங்கே பெர்லினோடு ஒரு நிஜமான சம்பந்தம் உண்டு. பட்டப்பெயர் சொல்லாத சம்பந்தம். 1945 ஏப்ரலில் துரிங்கியாவைக் கைப்பற்றியவர்கள் அமெரிக்கர்கள். ஒப்பந்தப்படி அந்த ஜூலையில் அவர்கள் அதை விட்டு வெளியேறினார்கள், ரஷ்யர்கள் உள்ளே வந்தார்கள். அதே நாட்களில் பெர்லினில் மேற்கத்தியப் படைகள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் நுழைந்தன. மேற்கு பெர்லின் என்ற ஒன்று உண்டான அதே கொடுக்கல் வாங்கலில் மோட்லராய்டின் ஒரு கரை கைமாறியது. குட்டி பெர்லின் அல்ல, பெர்லினுக்காகக் கொடுக்கப்பட்ட விலையின் ஒரு சில்லறைக் காசு.

பிளவு ஒரே இரவில் வரவில்லை. இதுவும் பெர்லினிலிருந்து வேறுபட்ட விஷயம். 1949-இல் இரண்டு ஜெர்மனிகள் ஸ்தாபிக்கப்பட்ட பிறகும் ஊர்க்காரர்கள் அனுமதிச் சீட்டு வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய்வந்தார்கள். முன்பு காலால் செய்த காரியத்தைக் காகிதத்தால் செய்ய நேர்ந்தது. கால்தடத்துக்குச் சீட்டு என்று வந்த அந்த நாளில்தான் ஊர் முதன்முதலாகத் தன்னை இரண்டாக உணர்ந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சுவர் வெகு காலத்துக்குப் பிறகு வந்தது.

1952 மே 26 அன்று கிழக்கு ஜெர்மனியின் ஆணை வந்தது. எல்லை நெடுகப் பத்து மீட்டர் அகலத்துக்கு மண்ணைக் கிளறி வெறுமையாக்கினார்கள், காலடி பட்டால் தெரிவதற்காக. அதற்குப் பின்னால் 500 மீட்டருக்கு ஒரு காப்புப் பட்டை. அதற்கும் பின்னால் ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்குத் தடை மண்டலம். மோட்லராய்டின் துரிங்கியக் கரை அந்த 500 மீட்டருக்குள் முழுசாக அடங்கிவிட்டது. வெளியாட்கள் சீட்டு இல்லாமல் வரக்கூடாது. உறவினரானாலும் அப்படித்தான். இருட்டிய பிறகு நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு. உழுதல் என்பது விதைப்பதற்கு என்று அறிந்திருந்த விவசாயி, ஒன்றும் முளைக்கக் கூடாது என்பதற்காக உழப்பட்ட நிலத்தை அன்றுதான் பார்த்தான்.

அடுத்த மாதமே, நம்பத்தகாதவர்கள் என்று கருதப்பட்டவர்களை எல்லையோரத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெயர்த்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். துரிங்கியாவில் அந்த நடவடிக்கைக்கு வழங்கிய பெயர் 'உன்கட்ஸீஃபர்'. பூச்சி புழு என்று அர்த்தம். 1961 அக்டோபரில் இரண்டாவது தடவை. இப்போது எர்ஃபுர்ட் மாவட்டத்தில் வைத்த பெயர் 'கோர்ன்ப்ளூமெ'. தானிய வயலில் பூக்கும் நீலப்பூ. இரண்டு தடவைகளும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். ஒன்பது வருஷத்தில் அதிகாரத்தின் பாஷை பூச்சியிலிருந்து பூவுக்கு வந்துவிட்டது. காரியம் மாறவில்லை. மொழியைக் கையாள்கிறவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம், முதல் பெயரைவிட இரண்டாவது பெயருக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பூச்சி என்கிறவன் தன் வெறுப்பை மறைக்கவில்லை. பூ என்கிறவன் கவிதையைத் துணைக்கு அழைத்துக்கொண்டான்.

ஊர் நடுவே முதலில் எழுந்தது ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஒரு பலகை வேலி. பிறகு முள்கம்பி. 1966-இல் கான்கிரீட் சுவர், ஏறத்தாழ 700 மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம். பெர்லினின் சுவர் 1961-இல் தொடங்கியது; மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டர். அளவைப் பார்த்தால் 'குட்டி' என்ற அடைமொழி பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் சுவரின் அளவை மீட்டரில் மட்டும் அளக்க முடியாது. பெர்லின் ஒரு மாநகரம். அதன் சுவரும் உறவுகளைத் தறித்தது. ஆனால் சுவருக்கு அப்பால் இருந்த லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் இப்பால் இருந்தவருக்கு முன்பும் அந்நியர்களே. மோட்லராய்டில் அந்நியன் என்று எவனும் இல்லை. எதிர்க்கரை வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தால் அடுப்பு யாருடையது என்று தெரியும். மாநகரத்தில் சுவர் தெருக்களைப் பிரித்தது. இங்கே பிரித்தது, ஒருவரையொருவர் அறிந்த மொத்த உலகத்தை.

கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளுக்கிடையிலான 1,400 கிலோமீட்டர் எல்லையில் பெரும்பகுதிக்கு வேலியே போதுமானதாக இருந்தது. கான்கிரீட் சுவர் கட்டியது, எல்லையை ஒட்டியே வீடுகள் இருந்த சில ஊர்களில். நிலத்தைத் தடுக்க வேலி போதும். பார்வையைத் தடுக்க வேலி போதாது. துரிங்கியக் கரையில் இருந்தவர்கள் மேற்கு நோக்கிக் கையசைப்பதும் முகமன் சொல்வதும் தடை செய்யப்பட்டிருந்தன. இந்தத் தடையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தப்பி ஓடுவதைத் தடுப்பது ஒரு ராஜ்யத்தின் பயம். கையசைப்பதைத் தடுப்பதற்கு அந்தப் பயம் போதாது. எதிர்க்கரையில் இருப்பவன் ஒரு மனிதன், எனக்குத் தெரிந்தவன் என்ற பிரக்ஞையையே அழித்துவிட வேண்டும் என்ற வைராக்கியம் வேண்டும். அரசியல் நூல்கள் பேசும் சித்தாந்தப் போர் மோட்லராய்டில் ஒரு கையின் அசைவில் வந்து நின்றது. இதைப் பெர்லினின் நகல் என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சுவரை ஒருவர் தாண்டியதுண்டு. 1973 மே மாதத்தில், எல்லைப் பகுதிக்குள் வண்டி கொண்டுவர அனுமதி பெற்றிருந்த ஒருவர், ஏணி வைத்து ஏறி மறுபக்கம் போய்விட்டார். கோபுரமும் விளக்கும் நாயும் இருக்க, ஓர் ஏணி. உலகத்துச் சித்தாந்தமெல்லாம் பரஸ்பரம் முறைத்து நின்ற இடத்தைக் கடந்தது, பழத்தோட்டத்தில் கிடக்கும் ஒரு சாமான்.

மறு கரை என்ன செய்துகொண்டிருந்தது? இரண்டு கரைகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்த நான் தயாரில்லை. ஒரு கரையில் மனிதன் எங்கு வேண்டுமானாலும் போகலாம், மறு கரையில் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போக முடியாது. இந்த வித்தியாசத்தை மழுப்புகிற நடுநிலை நடுநிலையே அல்ல. ஆனால் பவேரியக் கரைக்கும் ஒரு நஷ்டம் நேர்ந்தது. அது பார்வை மேடையாயிற்று. பஸ்களில் ஜனங்கள் வந்து இறங்கினார்கள், சுவரைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். 1983 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க உப ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் புஷ்ஷே வந்து பார்த்துவிட்டுப் போனார். 'குட்டி பெர்லின்' என்ற பெயர் வாழ்ந்தது இந்த மேடையின் மேல்தான். பார்க்க வருகிறவனுக்கு, தான் பார்ப்பது இன்னது என்று ஒரே சொல்லில் தெரிய வேண்டும். எதிர்க்கரையில் வயலுக்குப் போகும் மனிதன் இந்தக் கண்களுக்கு ஒரு பிரச்னையின் உதாரணம். அவனைப் பெயரால் அறிந்த கண்கள் இந்தக் கூட்டத்துக்குள் சிறுபான்மையாகிவிட்டன. கையசைக்கக் கூடாது என்றது ஒரு கரை. கையசைத்தால் படம் பிடிக்கக் காத்திருந்தது மறு கரை.

1989 நவம்பர் 9 இரவு பெர்லினில் சுவர் திறந்ததை உலகம் பார்த்தது. மோட்லராய்ட் அதற்குப் பிறகு ஒரு மாதம் காத்திருந்தது. டிசம்பர் 9 அன்றுதான் சுவரில் ஒரு வழி திறந்து, ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் மறுபாதிக்கு நடந்தார்கள், 37 வருஷங்களுக்குப் பிறகு. 1990 ஜூன் 17 அன்று புல்டோசர் வந்து சுவரை இடித்தது. இருந்தாலும் சுமார் நூறு மீட்டரை விட்டுவைத்தார்கள். அந்த வருஷமே அங்கே ஒரு அருங்காட்சியகம் அமைந்தது. சுவர் இருந்த காலத்தில் பார்க்க வந்த கூட்டம் சுவர் போன பிறகும் வருகிறது. ஐம்பது பேர் உள்ள ஊருக்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள்.

சுவரை வைத்திருக்கத்தான் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அழித்துவிட்டு மறந்துபோவதைவிட இது மேல். பட்டப்பெயர்தான் இந்த ஊரை மறதியிலிருந்து காப்பாற்றியது என்று ஒரு நண்பர் வாதாடினார். அதிலும் உண்மை உண்டு. ஆனால் காப்பாற்றப்பட்டது எது என்று கேட்க வேண்டும். 37 வருஷச் சுவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு முந்தைய நூற்று நாற்பது வருஷம், இரண்டு ராஜ்யங்களுக்குக் குறுக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கோவிலுக்கும் நடந்து தேய்ந்த பாதைக்கு எதை நிறுத்தி வைப்பது? கான்கிரீட் நிற்கும். அலட்சியம் நிற்காது. ஒடுக்குமுறை தடயங்களை விட்டுச் செல்கிறது, சகஜ வாழ்க்கை விட்டுச் செல்வதில்லை. சரித்திரம் எழுதுகிறவனின் சங்கடமே இதுதான். தடயம் உள்ளதை எழுதப் போய், வாழ்க்கை என்றாலே சுவர்தான் என்ற பிரமையை அவன் உண்டாக்கிவிடுகிறான்.

1990 அக்டோபர் 3 அன்று ஜெர்மனி ஒன்றாயிற்று. பெர்லினும் ஒரே மாநிலம், ஒரே மேயர் என்று ஆயிற்று. மோட்லராய்ட் ஒன்றாகவில்லை. இன்றும் இரண்டு மாநிலம், இரண்டு மேயர், இரண்டு தபால் எண், இரண்டு தொலைபேசிக் குறியீடு. வண்டியின் எண் பலகையைப் பார்த்தால் எந்தக் கரை என்று சொல்லிவிடலாம். ஒரு கரையில் 'க்ரூஸ் காட்' என்று கடவுள் பெயரால் முகமன், மறு கரையில் 'கூடன் டாக்' என்று பொழுதின் பெயரால். பட்டப்பெயர் கடைசியாகத் தோற்றுப்போகும் இடம் இது. அசல் பெர்லின் சேர்ந்துவிட்டது. குட்டி பெர்லின் என்றவர்கள் இதற்கு என்ன விளக்கம் சொல்வார்கள்? சுவர் போனதும் அடியில் பழைய கோடு வெளிப்பட்டது, வெள்ளம் வடிந்ததும் கல் தெரிவதுபோல.

இதைத் துயரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லூதரின் சீர்திருத்தத்தை நினைவுகூரும் அக்டோபர் 31 துரிங்கியாவில் விடுமுறை, பவேரியாவில் வேலை நாள். மறுநாள், சகல புனிதர்களின் திருநாளான நவம்பர் 1, பவேரியாவில் விடுமுறை, துரிங்கியாவில் வேலை நாள். இரண்டு நாளும் அடுத்தடுத்து வருகின்றன. முதல் நாள் ஒரு கரை ஓய்ந்திருக்க மறு கரை வேலைக்குப் போகும். அடுத்த நாள் முறை மாறும். முந்தைய நாள் சும்மா இருந்தவர்கள் ஓடையைத் தாண்டி, இன்று சும்மா இருப்பவர்களைப் பார்க்கப் போகலாம். சீட்டு வேண்டாம். யாரும் படம் பிடிக்கப் போவதில்லை. ஒரு கோட்டுக்கு இவ்வளவு அர்த்தம் போதும். இதற்கு மேல் அதனிடம் அர்த்தம் கேட்கிற எந்த ராஜ்யத்தையும், அது எந்தப் பூவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், சந்தேகிக்க வேண்டும்.